தற்காலிகம் என்று கட்டப்பட்டவை

சுவீடனில் உருவாக்கப்பட்ட 'பெற்றர் ஷெல்டர்' என்னும் அகதிக் குடிலின் தரைப்பரப்பு 17.5 சதுர மீற்றர். இலங்கையின் தேயிலைத் தோட்டமொன்றில் நான் பிறந்து வளர்ந்த லயக் காம்பரா, அதாவது தொழிலாளர் வரிசைவீட்டின் ஓர் அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதாவது 11 சதுர மீற்றருக்குச் சற்றுக் கூடுதல். வடிவமைப்புத் துறையில் 'உயிர்பிழைத்தல்' என்ற கருப்பொருளைப் பற்றிச் சில வாரங்களாகப் படித்துவருகிறேன். படித்தவற்றுள் என்னை எழுந்து உட்காரவைத்தது இந்த ஒரு கணக்குத்தான். போர்க்காலத்தில் ஓடிவந்தவர்களுக்கென்று உலகம் அளந்து கொடுக்கும் இடம், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகத் தேயிலை பறித்துக்கொடுத்த ஒரு குடும்பத்துக்குத் தோட்டம் அளந்து கொடுத்த இடத்தைவிடப் பெரியது.

அந்தக் குடிலைக் குறைசொல்வது என் நோக்கமன்று. ஐக்கிய நாடுகளின் அகதிகள் அமைப்பும் ஐக்கியா நிறுவனத்தின் அறக்கட்டளையும் துணைநின்று உருவான அது, இரண்டு பெட்டிகளுக்குள் மடித்து அடுக்கப்பட்டு வருகிறது. நான்கு பேர் சேர்ந்தால் ஒரு பகற்பொழுதுக்குள் நிறுத்திவிடலாம். பூட்டக்கூடிய கதவு உண்டு, சூரிய ஒளியில் இயங்கும் விளக்கு உண்டு. இலண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகம் 2016ஆம் ஆண்டின் சிறந்த வடிவமைப்பு என்று அதைத் தெரிவுசெய்தது. அதற்கு முன்பே, 2015 டிசெம்பரில், சூரிச் நகர நிர்வாகம் தான் நடத்திய தீச்சோதனையில் அது எளிதில் பற்றிக்கொள்வதைக் கண்டு, புகலிடம் கோரியவர்களை அதில் தங்கவைக்கும் திட்டத்தைக் கைவிட்டிருந்தது; பின்னர் குடிலின் வடிவம் திருத்தப்பட்டது. இதைப் படித்தபோது எங்கள் லயங்கள் நினைவுக்கு வந்தன. ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள். ஒன்றில் பிடித்த தீ கூரைக்கடியால் ஊர்ந்து கடைசிக் காம்பரா வரை போய்விடும். அதைச் சோதித்துப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு ஒரு சூரிச் இருக்கவில்லை.

நியூயோர்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் 2005இல் பவோலா அன்டோனெல்லி ஒழுங்குசெய்த 'சேஃப்' என்ற கண்காட்சி இந்தக் கருப்பொருளுக்கு ஒரு மைல்கல். ஆபத்தை எதிர்கொள்வதற்கென்று ஆக்கப்பட்ட முந்நூறுக்கும் மேற்பட்ட பொருள்கள் அங்கே வைக்கப்பட்டன. ஏறத்தாழ அதே காலத்தில் வெளிவந்த 'லைஃப்ஸ்ட்ரோ' என்னும் குழாய், கலங்கல் நீரில் வாய்வைத்து உறிஞ்சினால் கிருமிகளை வடிகட்டிக் கொடுப்பது. அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பு, 1992 முதல், உடுத்தும்போது மேலங்கியாகவும் விரித்தால் கூடாரமாகவும் ஆகும் உடைகளை லூசி ஓர்ட்டா செய்துவந்தார். இவற்றையெல்லாம் வரிசையாகப் பார்த்துவரும்போது ஒன்று உறுத்துகிறது. இவை பெரும்பாலும் தனியொருவர் தோளிலும் கழுத்திலும் போட்டுக்கொண்டு ஓடுவதற்கானவை. ஓட முடியாதவர்கள், ஓடுவதற்கு இடமில்லாதவர்கள், சொந்தமாக ஓர் அங்குல நிலமும் இல்லாததால் ஆபத்தான சரிவிலேயே தங்கிவிட்டவர்கள் ஆகியோருக்கான வடிவமைப்பு எது என்ற கேள்விக்கு அங்கே அதிகம் விடை கிடைப்பதில்லை.

மேலங்கி கூடாரமாவதைப் பற்றிப் படித்தவுடன் அம்மாயியின் கொங்காணி கண்முன் வந்தது. யூரியா சாக்கு ஒன்றின் கீழ் மூலைகளில் ஒன்றை மற்றதற்குள் உள்மடித்துச் செருகினால் தலைக்கு ஒரு கூம்பும் முதுகுக்கு ஒரு மறைப்பும் கிடைத்துவிடும். ஊசியில்லை, நூலில்லை, கைகள் இரண்டும் கொழுந்து பறிப்பதற்கு விடுபட்டிருக்கும். இடுப்புக்குக் கீழே படங்கு. நனைந்த தேயிலைச் செடிகள் சேலையைக் கிழிக்காமல் காப்பது அதுதான். அவருக்கு முந்திய தலைமுறை இதே வேலைக்குக் கறுப்புக் கம்பளியைப் போட்டுக்கொண்டது. இவற்றை எந்த வடிவமைப்பாளரும் வரையவில்லை என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் மழைக்கோட்டு கொடுக்கப்படாததால் உண்டான கண்டுபிடிப்பு அது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். இல்லாமையின் கெட்டிக்காரத்தனத்தை அழகென்று கொண்டாடுபவர்களைக் கண்டால் எனக்குச் சற்று எரிச்சல் வரும்.

ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் இந்தக் கதையில் வேறுவிதமாக நிற்கிறார். 1995இல் கோபே நகரில் நிலநடுக்கம் வந்தபோது, மணல்மூட்டைகள் நிரப்பிய பியர் பெட்டிகளை அடித்தளமாக்கி, தடித்த காகிதக் குழாய்களைச் சுவராக நிறுத்தி அவர் வீடுகள் அமைத்தார். அங்கே எரிந்துபோன தேவாலயத்துக்குப் பதிலாகக் காகிதக் குழாய்களால் எழுப்பிய மண்டபம் பத்தாண்டுகள் நின்றது. பிறகு கழற்றப்பட்டுத் தாய்வானுக்கு அனுப்பப்பட்டு, அங்கேயும் நிலநடுக்கத்தில் சிதைந்த ஒரு கிராமத்தில் மறுபடி நிறுத்தப்பட்டது. நம் நாட்டிலும் ஆழிப்பேரலைக்குப் பின் கிரிந்தையில் அவர் வீடுகள் வடிவமைத்தார். இறுக்கிய மண்கற்களால் சுவர், இறப்பர் மரத்தால் தடுப்புகளும் தளபாடங்களும், நடுவே கூரையிட்ட ஒரு திறந்தவெளி. அங்கிருக்கும் முஸ்லிம் குடும்பங்கள் விருந்தாளி வரும்போது வீட்டை எப்படிப் பிரித்துப் புழங்குவார்கள் என்பதையும் அந்தத் திட்டப்படம் கணக்கில் எடுத்திருந்தது.

கோபேயின் காகித மண்டபம் தற்காலிகம் என்று எழுப்பப்பட்டது. மக்கள் விரும்பியதால் நிலைத்தது. லயமும் ஒருவகையில் தற்காலிகந்தான். கோப்பிக் காலத்தில் பருவத்துக்கு வந்து திரும்பிப்போகும் கூலிகளுக்கான தங்குமிடமாகத் தொடங்கி, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டதன் பின் ஆண்டு முழுதும் ஆள் தேவைப்பட்டபோது அப்படியே தொடர்ந்தது. அது நிலைத்தது எவரும் விரும்பியதால் அன்று. அகதிக் குடிலுக்கு வாழ்நாள் சுமார் மூன்று ஆண்டு என்று எழுதிவைத்திருக்கிறார்கள். நான்காம் ஆண்டு அதற்குள் இருப்பவர் எங்கே போவார் என்பதுவும் வடிவமைப்பாளர் வரையவேண்டிய கோடுதான் என்று நான் நினைக்கிறேன். ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு என்று இந்திய உதவியுடன் தோட்டங்களில் கட்டப்படும் தனிவீடுகளைப் பற்றி எங்கள் பக்கத்தில் பேசும்போது, வீட்டைவிட அந்த ஏழு பேர்ச்சைப் பற்றித்தான் ஆட்கள் அதிகம் விசாரிக்கிறார்கள்.

கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அதற்குப் பின் எங்கள் தோட்டத்திலும் எல்லோரும் மலையை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினோம். நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, நேற்றுவரை நன்றாகச் சாத்திய கதவு இன்று நிலையில் இறுகிக்கொள்வது ஆகியவையெல்லாம் மண் நகர்வதன் அறிகுறிகள். தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்கே வெட்டிவிட்ட கான்கள் மழைநீரை மெதுவாக ஓடைக்குக் கொண்டுசேர்ப்பவை. அவை தூர்ந்தால் நீர் மண்ணுக்குள் இறங்கி, மண்ணின் பிடிப்பைத் தளர்த்திவிடும். கான் வெட்ட ஆள் போடுவது குறைந்துவிட்டது. என்னைக் கேட்டால் மலையகத்தின் முதன்மையான உயிர்காக்கும் வடிவமைப்பு அந்தக் கான்தான். ஆனால் அதை எந்தக் கண்காட்சிக்கும் தூக்கிக்கொண்டு போக முடியாது.

மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில், 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்கவேண்டும், 100ஐத் தாண்டினால் ஆயத்தமாகவேண்டும், 150ஐத் தாண்டினால் வெளியேறவேண்டும். வானொலி ஒரு மாவட்டத்துக்கே பொதுவாகச் சொல்லும். மழையோ ஒரு மலைக்கு ஒரு மாதிரி பெய்யும். 2025 நவம்பரில் நாட்டைத் தாக்கிய டித்வா புயலுக்குப் பிறகு நானும் அக்காவின் மகனும் ஒரு மழைமானி செய்தோம். பக்கங்கள் நேராக இருக்கும் ஒன்றரை லீற்றர் போத்தலின் கழுத்துப்பகுதியை வெட்டி, மூடியைக் கழற்றித் தலைகீழாக அதற்குள்ளேயே புனல்போல் பொருத்தினோம். அடிப்பக்கம் மேடுபள்ளமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூச்சியம் என்று குறித்து, அங்கிருந்து மேலே அளவுகோலை ஒட்டினோம். புனல் வாயும் போத்தல் உடலும் ஒரே அகலம் என்பதால் உள்ளே ஒரு மில்லிமீற்றர் ஏறினால் வெளியே பெய்த மழையும் ஒரு மில்லிமீற்றர்தான். கூரைத் தண்ணீர் தெறிக்காத இடமாகப் பார்த்து, தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போகும் வழியில் ஒரு கம்பத்தில் கட்டினோம்.

முதல் வாரத்திலேயே அளவுகோலின் இலக்கங்கள் மழையில் கரைந்துபோயின. கடைசிக் காம்பராவில் இருக்கும் சித்தி, அவர் மகளின் சிவப்புக் கியூடெக்ஸை எடுத்துவந்து போத்தலிலேயே மூன்று கோடுகள் இழுத்துவிட்டார். எனக்கு இலக்கம் தெரியவேண்டும், அவருக்குக் கோடு போதும். நேற்று இரவு இரண்டு மணிக்கு டோர்ச் வெளிச்சம் இஸ்தோப்பை, அதாவது முன் திண்ணையை, கடந்து போவதைக் கண்டு எழுந்து கேட்டபோது, "மொதக் கோட்டுக்கு ரெண்டு வெரக்கட கீழதான் நிக்குது, நீ படு" என்று சொல்லிவிட்டு, அவர் மட்டும் படுக்காமல் அடுப்பைப் பற்றவைத்தார்.