சித்திரைத் தேரும் ஹை பார்க் மரங்களும்

ஏப்ரல் நடுப்பகுதியில் ரொறன்ரோவில் குளிர் இன்னும் விட்டிருக்காது. வீதியோரத்தில் அழுக்கேறிய பனி கரைந்து ஓடிக்கொண்டிருக்கும், மரமெல்லாம் மொட்டையாகவே நிற்கும். அதே நாளில் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான மானிப்பாயில் மருதடிப் பிள்ளையாருக்குத் தேர். வருடப்பிறப்பன்றே தேர் ஓடும் கோயில் என்பதால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புதுவருடமும் தேரும் ஒன்றாகத்தான் பிறக்கும். விடிய மருத்துநீர் வைத்து முழுகி, புது உடுப்புப் போட்டு, கைவிசேஷம் வாங்கி, அந்தக் காசைப் பொக்கற்றுக்குள் பிடித்தபடி வெயிலில் நடந்தால், தண்ணீர்ப்பந்தலில் மோர் தராமல் எங்களைத் தாண்ட விடமாட்டார்கள். கச்சான் கடை, ஐஸ்பழம், தேருக்குப் பின்னால் நிலத்தில் உருண்டு பிரதட்டை செய்கிறவர்கள், தூசி. இந்தப் பழைய மாணவர் சங்க மலரை வாசிக்கும் நம் வகுப்பினர் எல்லோருக்கும் இது தெரியும், ஆனாலும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும்போது வளவெல்லாம் வேப்பம்பூ கொட்டிக் கிடக்கும். சின்னச் சின்ன வெள்ளைப் பூ, கிட்டப் போய் மணந்தால் தேன் வாசம், வாயில் வைத்தால் கசப்பு. பக்கத்து வீட்டு ஆச்சி விடிய வந்து மரத்தடியைக் கூட்டிச் சாக்கை விரித்துவிட்டுப் போவார், பின்னேரம் வந்து பூவை அள்ளிப் புடைத்துக் கொண்டுபோய் உழுந்தும் செத்தல் மிளகாயும் வெங்காயமும் சேர்த்து வடகம் போடுவார். எங்கள் பந்து அந்தச் சாக்கில் விழுந்தால் தொலைந்தோம்.

இங்கே ரொறன்ரோவில் வசந்தம் என்றால் ஹை பார்க் பூங்காவில் செர்ரி பூப்பதுதான். ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ ஒரு வாரம் போலப் பூத்துக் கொட்டிவிடும், நகரமே அங்கே திரண்டு போய் நிற்கும். நானும் பல வருடம் பிள்ளைகளைக் கூட்டிப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அந்த மரங்களின் கதையை என் மகள்தான் பள்ளிக்கூட வேலைக்காகத் தேடி எடுத்து எனக்குச் சொன்னாள். இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையோரத்தில் இருந்த ஜப்பானியக் கனடியர்களை, பெரும்பாலும் இங்கேயே பிறந்தவர்களை, அரசாங்கம் வீட்டைவிட்டுக் கிளப்பி முகாம்களுக்கு அனுப்பியது. வீடு, கடை, மீன்பிடிப் படகு எல்லாவற்றையும் எடுத்து விற்றுவிட்டார்கள். போர் முடிந்த பிறகும் 1949 வரை அவர்கள் கரையோரத்துக்குத் திரும்ப முடியவில்லை. அப்படி இடம்பெயர்ந்த பலர் ரொறன்ரோவுக்கு வந்தார்கள், அவர்களை ஏற்றுக்கொண்டதற்கு நன்றியாக 1959இல் தோக்கியோ மக்கள் கொடுத்த 2,000 மரங்களில் இருந்து தொடங்கியதுதான் ஹை பார்க்கின் இந்தப் பூ. கனடா அரசாங்கம் மன்னிப்புக் கேட்கவும் நட்டஈடு கொடுக்கவும் 1988 ஆகிவிட்டது.

இதைக் கேட்ட பிறகு எனக்கு அந்த மரங்களைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, இராணுவம் முன்னேறி வர, வீட்டைவிட்டுக் கிளம்பி யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் இருந்து நாவற்குழிப் பக்கம் மழைக்குள் நடந்தவர்களில் எத்தனையோ பேர் இந்த மலரை வாசிக்கப் போகிறீர்கள், உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

பிறகு மகள் கேட்டாள், உங்கள் பள்ளிக்கூடம் இருந்த வீதிக்கு என்ன கதை என்று. எங்களுக்கு வரலாறு படிப்பித்த மாஸ்டர் நல்ல மனிதர், அனுராதபுரம், பொலன்னறுவை, போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் எல்லாவற்றையும் ஆண்டு தவறாமல் சொல்லித் தந்தார், ஆனால் பாடப்புத்தகத்தில் மானிப்பாய் இல்லை. நாங்கள் தினமும் சைக்கிளில் தாண்டிப் போன கிறீன் ஆஸ்பத்திரிக்கு ஏன் அந்தப் பெயர் என்று யாரும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

நான் வளர்ந்த பிறகுதான் தேடி வாசித்தேன். சாமுவேல் பிஸ்க் கிறீன், அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரரைச் சேர்ந்த மருத்துவர், மிஷனோடு 1847இல் வந்தவர். மானிப்பாயில் இருந்துகொண்டு நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மேனாட்டு மருத்துவம் படிப்பித்தார், 60க்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் படித்து வைத்தியர்களானார்கள். முதலில் ஆங்கிலத்தில்தான் பாடம். ஆங்கிலத்தில் படித்தவர்கள் உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள், கிராமத்துச் சனத்துக்கு வைத்தியர் மிஞ்சவில்லை என்று கண்டு 1860களில் தமிழிலேயே படிப்பிக்கத் தொடங்கினார். அதற்காக உடற்கூற்றில் இருந்து சத்திரசிகிச்சை வரை தமிழில் மருத்துவ நூல்களை எழுதியும் மொழிபெயர்த்தும் அச்சிட்டார், கூடவே அவரது மாணவர்களும் உழைத்தார்கள். 1873இல் ஊர் திரும்பி 1884இல் வூஸ்ரரில் இறந்தார். மதம் பரப்ப வந்தவர் என்பதை மறைக்கவேண்டியதில்லை, அவரும் மறைக்கவில்லை. ஆனால் ஆங்கிலம் தெரியாத ஒரு நோயாளிக்குப் பக்கத்தில் அவனுடைய மொழியில் படித்த வைத்தியர் நிற்கவேண்டும் என்று அந்தக் காலத்தில் நினைத்து, அதை நம் சந்தியில் செய்து காட்டியிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயம். அந்தப் பிள்ளைகள் படித்துவிட்டு ஏன் போனார்கள் என்பதும் கடல் கடந்து வந்திருக்கும் நமக்குப் புதிய கேள்வி இல்லை.

இளவேனில் என்று தமிழ்ப் பாடத்தில் படித்தது சித்திரையையும் வைகாசியையும். எங்களுக்கு இந்த இரண்டு மாதமும் சும்மா வந்து போவதில்லை. 1981 மே 31 இரவு எரியத் தொடங்கிய யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின, திரும்ப அச்சிட முடியாத ஏடுகளும் அதற்குள். 2009 மே 18 முள்ளிவாய்க்கால், எத்தனையோ சனத்தைப் பலிகொண்டு போர் முடிந்த நாள். 2025 மே மாதம் இங்கே ரொறன்ரோவுக்குப் பக்கத்துப் பிரம்டனில் அந்தச் சனத்துக்கு நினைவுத்தூபி திறந்தார்கள், அதே மாதம் யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழியில் மண்ணைக் கிண்டத் தொடங்கினார்கள், செப்டெம்பருக்குள் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளியே வந்துவிட்டன. அவற்றில் ஒரு பிள்ளையின் எலும்புகளோடு ஒரு நீலப் புத்தகப்பை இருந்தது. அந்தச் செய்திக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அது யாருடைய பை என்று சொல்லக்கூடிய ஒருவர் எங்கேயோ இருக்கக்கூடும், அவர் உயிரோடு இருக்கும்போதே யாராவது கேட்டு எழுதி வைக்கவேண்டும்.

அதனால்தான் தெரிந்த கதையையும் எழுதவேண்டும் என்கிறேன். எங்கள் சங்க மலர்களில் வாழ்த்துச் செய்தியும் விளம்பரமும் அரைவாசிக்கு மேல் போய்விடுகின்றன, அது எனக்குப் பிடிக்கவில்லை. போரின்போது அரசாங்கம் எரிபொருளும் பற்றரியும் வராமல் மறித்த பொருளாதாரத் தடைக் காலத்தில் நாங்கள் எப்படிப் படித்தோம் என்று ஒருவராவது எழுதினாரா? ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது ஊற மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, திரியை ஒரு கம்பியில் மாட்டிப் போத்தலின் கழுத்தோடு நிறுத்தினால் நல்ல நேரம் எரியும். பற்றரி இல்லாமல் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும், சுற்றுகிறவருக்குக் கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் இழுபடும். இன்றைக்கு ஐம்பதைத் தாண்டியவர்களின் தலைக்குள் மட்டும் இருக்கிற விஷயம் இது.

பெரிய கட்டுரை வேண்டாம். சந்தியில் இருந்து பள்ளிக்கூட வாசல் வரை எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை இருந்தது, எந்த வருடம் எந்த ஷெல்லில் எந்தக் கட்டிடம் உடைந்தது, யார் திருப்பிக் கட்டினார்கள், அந்த வேப்பமரம் எப்போது தறிக்கப்பட்டது, இவ்வளவும் ஆண்டோடு எழுதினால் போதும். நிச்சயமில்லாத இடத்தில் ‘இருக்கலாம்’ என்று போடுங்கள், வேறொருவர் திருத்துவார்.

பழைய கல்லூரி மலர்கள் யாரிடமாவது இருந்தால் கோடைகால ஒன்றுகூடலுக்கு எடுத்து வாருங்கள். 2005இல் இருந்து நம் நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கு அனுப்ப, அங்கேயே ஸ்கான் செய்து அன்றைக்கே உங்கள் கையில் திருப்பித் தந்துவிடலாம். 1995க்கு முந்தியவைதான் முதலில் வேண்டும், அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.