இலை இலையாக எடுத்த படம் ஏன் களிம்பாகிறது?

மேகமலையிலோ வால்பாறையிலோ எடுத்த தேயிலைத் தோட்டப் படம் கணினித் திரையில் இலை இலையாகத் தெரியும். அதையே இணையத்தில் ஏற்றியதும் சரிவு முழுக்கப் பச்சைக் களிம்பு தடவியதுபோல் ஆகிவிடும். பழி பெரும்பாலும் லென்ஸின் மேல் விழுகிறது. பெரிய படக் கோப்பை அப்படியே கொடுத்துவிட்டு, சுருக்கும் வேலையைத் தளத்திடம் விட்டதுதான் பல நேரங்களில் காரணம்.

24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000×4000 பிக்சல். அதை 1080 பிக்சல் அகலத்துக்குக் குறைக்கும்போது ஏறக்குறைய 31 பிக்சல்களின் சராசரி ஒரே பிக்சலாகிறது. இலையின் வெளிச்சப் பக்கமும் நிழல் பக்கமும் அந்தச் சராசரிக்குள் கரைந்துவிடும். அதற்கு மேல் தளம் தன் பங்குக்கு ஜேபெக்கை (படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் கோப்பு வகை) இன்னொரு முறை அழுத்தும். ஆகவே, போய்ச் சேரும் அளவுக்குப் படத்தை நாமே குறைத்துவிட வேண்டும். இன்ஸ்டாகிராமில் செங்குத்துப் படத்துக்கு 1080×1350, ஃபேஸ்புக்கில் நீளமான பக்கம் 2048 பிக்சல். குறைத்த பிறகுதான் ஷார்ப்பனிங், அதாவது விளிம்புகளைக் கூர்மையாக்குவது. இந்த வரிசை மாறக்கூடாது. முழு அளவில் கூர்மையாக்கியதெல்லாம் சுருக்கும்போது கரைந்துவிடும். 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) என்று போட்டுவிட்டால் தரம் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். அது அச்சுக்கான எண். திரைக்குப் பிக்சல் எண்ணிக்கை மட்டுமே கணக்கு.

ஜிம்ப் என்ற இலவச எடிட்டிங் மென்பொருளில் அன்ஷார்ப் மாஸ்க் என்ற கூர்மையாக்கும் கருவியைப் பயன்படுத்துகிறவர்கள், சுருக்கிய படத்தில் ரேடியஸை (விளிம்பைச் சுற்றி எவ்வளவு தூரம்) 0.5இலும் அமவுண்ட்டை (எவ்வளவு அழுத்தமாக) 0.4 முதல் 0.6க்குள்ளும் வைத்துத் தொடங்கலாம். லைட்ரூம் மென்பொருளில் எக்ஸ்போர்ட் செய்யும்போதே திரைக்கான ஷார்ப்பனிங் என்ற தேர்வு இருக்கிறது. அதில் ஸ்டாண்டர்ட் போதும். மிகையானால் முதலில் காட்டிக்கொடுப்பது மலை முகடு. வானத்தோடு அது சேரும் இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும். அந்தக் கோடு தெரிந்தால் அளவைப் பாதியாக்குங்கள். மூடுபனியையும் வானத்தையும் கூர்மையாக்கவே வேண்டாம், மாஸ்க் போட்டு (அந்தப் பகுதியை மட்டும் மறைத்து) விலக்கிவிடுங்கள். அங்கே கூர்மையாக எதுவும் இல்லை. கூடுவதெல்லாம் நாய்ஸ் என்ற புள்ளிப் புள்ளியான அழுக்குதான். பனிமூட்டத்தை நீக்கும் டீஹேஸ் ஸ்லைடருக்கும் இதையே சொல்வேன். கொடைக்கானல் பள்ளத்தாக்கில் பனிதான் படம். அதைத் துடைத்துவிட்டால் மிஞ்சுவது சாதாரண மரக்கூட்டம்.

வானம் தனிச் சிக்கல். மாலை வானத்தின் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக மாற வேண்டியது, படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையாக உடைந்து தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். ஜேபெக் 8 பிட் கோப்பு. ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். வானத்தின் ஒரு துண்டு அதில் இருபது முப்பது படிகளை மட்டும் தொட்டிருக்கும். அதைப் பிடித்து கான்ட்ராஸ்டை ஏற்றினால் படிகளுக்கு இடையில் பள்ளம் விழுகிறது. ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால், அழுத்தம் கூடும்போது அந்தக் கட்டங்களும் வெளியே தெரியும். ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலத் தரவு) எடுத்து, 16 பிட்டில் எடிட் செய்து, கடைசிப் படியில் மட்டும் 8 பிட் ஜேபெக் ஆக்குவது முக்கால்வாசித் தீர்வு. மீதிக்கு, எக்ஸ்போர்ட்டுக்கு முன் வானத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு கிரெய்ன் என்ற நுண்ணிய புள்ளிகளைச் சேர்க்கலாம். படிகளின் விளிம்பு உடைந்து, பட்டை மறைந்துவிடும். வழவழப்பான வானமே அழகு என்று நாய்ஸை ஒட்டுமொத்தமாக வழித்தெடுப்பவர்களின் படங்களில்தான் இந்தப் பட்டை அதிகம்.

ஜேபெக் தரம் 85 முதல் 90 போதும். ஜிம்ப்பில் சப்சாம்ப்ளிங்கை, அதாவது நிற விவரத்தைக் குறைத்துச் சேமிக்கும் முறையை, 4:4:4 (குறைப்பே இல்லை) என்று வையுங்கள். 4:2:0இல் நிற விவரம் நீளத்திலும் அகலத்திலும் பாதியாகிறது. செக்கச்சிவந்த வானத்துக்கு எதிரே நிற்கும் பனைமரத்தின் விளிம்பு அழுக்காகத் தெரிவது அதனால்தான். ஜேபெக்கைத் திரும்பத் திரும்பத் திறந்து சேமிக்காமல் 16 பிட் டிஃப் (விவரத்தை இழக்காமல் சேமிக்கும் வகை) கோப்பு ஒன்றை மூலமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தளத்துக்கும் அதிலிருந்தே புதிதாக எடுங்கள். வாட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்புவதென்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

பச்சை வெளுத்து, உயிரற்றுத் தெரிகிறதா? கோப்பு அடோபி ஆர்ஜிபி, புரோஃபோட்டோ ஆர்ஜிபி போன்ற அகன்ற வண்ணவெளியில் (எந்த எண் எந்த நிறம் என்ற வரையறை) போயிருக்கும். வண்ணப் புரொஃபைலைப் படிக்காத செயலி அந்த எண்களை இணையத்தின் பொது வண்ணவெளியான எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்வதால் நிறம் சுருங்கிவிடுகிறது. எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, புரொஃபைலையும் கோப்புக்குள் பதித்தே அனுப்ப வேண்டும். கேமரா மெனுவில் உள்ள வண்ணவெளித் தேர்வு ஜேபெக்குக்கு மட்டும்தான்; ரா எடுப்பவர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எடிட் செய்யும்போது போனிலோ கணினியிலோ திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். திரை வெளிச்சத்தை முழுதாக ஏற்றி வைத்து எடிட் செய்த படம் மற்றவர் போனில் இருட்டடித்துப்போகும், ஹிஸ்டோகிராமையும் (படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

ஏற்றுவதற்கு முன் தொடுவானம். தனுஷ்கோடிக் கடல் ஒரே ஒரு டிகிரி சாய்ந்திருந்தாலும், 6000 பிக்சல் அகலத்தில் இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் 105 பிக்சல் வித்தியாசம். கடல் ஒரு பக்கமாக வழிந்துவிடும்போல் இருக்கும். எஃப்/11, எஃப்/16 போன்ற சிறிய லென்ஸ் துளையில் எடுத்த படமென்றால் சென்சார் தூசியும் வானத்தில் சாம்பல் புள்ளியாக விழுந்திருக்கும். 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி மூலை மூலையாகத் தேடுங்கள். கான்ட்ராஸ்டைத் தற்காலிகமாக ஏற்றினால் ஒளிந்திருப்பவையும் வெளியே வரும்.

யாரும் பயன்படுத்தக்கூடிய படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸுக்குக் கொடுப்பதானால் மேலே சொன்னதில் ஒன்றைத் தலைகீழாக்க வேண்டும்: அங்கே படத்தைச் சுருக்கக்கூடாது. தரமான படம் என்ற அங்கீகாரத்துக்குக் குறைந்தது 2 மெகாபிக்சல் வேண்டும். ஆனால் அங்கே மதிப்பிடுபவர்கள் முழு அளவில் திறந்து பார்ப்பார்கள். மரக்கிளை ஓரத்து ஊதா விளிம்பு, தூசி, மூலையின் மங்கல் எதுவும் தப்பாது. உரிமத்தையும் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். சிசி பை-எஸ்ஏ (பெயரைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் பகிரலாம்) என்று ஒருமுறை கொடுத்துவிட்டால் திரும்பப் பெற முடியாது, வணிகப் பயன்பாட்டுக்கும் அதில் இடமுண்டு. வணிகத்துக்குக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தால் அங்கே ஏற்கவே மாட்டார்கள். விளக்கத்தைத் தமிழிலும் எழுதுங்கள். என்ன மலை, எந்தத் திசையிலிருந்து, எந்த மாதம் என்ற மூன்றும் இருந்தால் அந்தப் படம் கட்டுரைக்கும் பாடத்துக்கும் பயன்படும்.

இடத்தைச் சொல்வதில் மட்டும் நிதானம் வேண்டும். போனில் எடுத்த படத்தின் எக்ஸிஃப் (கோப்போடு தானாகப் பதிவாகும் விவரங்கள்) தகவலுக்குள் ஜிபிஎஸ் புள்ளி சில மீட்டர் துல்லியத்தில் உட்கார்ந்திருக்கக்கூடும். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, விதை விட்டு, மடிகிற செடி. பூத்திருக்கும் சரிவில் கூட்டம் ஏறி மிதித்தால், அடுத்த முறை பூக்க வேண்டிய விதையும் சேர்ந்தே போகிறது. குறிஞ்சிச் சரிவு, பறவைக் கூடு, ஆள் அதிகம் போகாத அருவி ஆகியவற்றின் படங்களுக்கு எக்ஸ்போர்ட்டில் இடத்தகவலை நீக்கும் தேர்வை டிக் செய்து, மாவட்டப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஷட்டர் வேகம், அப்பெர்ச்சர், ஐஎஸ்ஓ, உங்கள் காப்புரிமைப் பெயர் எல்லாம் அப்படியே இருக்கட்டும், புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு அவை உதவும்.

ஏற்றியபின் வேறொருவருடைய போனில் அதைத் திறந்து பாருங்கள். முதலில் வானம், பிறகு முகடு, பிறகு இலை. வானத்தில் பட்டை தெரிந்தால் மூலக் கோப்புக்குப் போய் கிரெய்னைக் கொஞ்சம் கூட்டி, மறுபடி எக்ஸ்போர்ட் செய்து ஏற்றுங்கள்.