அது எப்போது எடுத்த எண்?

“இந்த எண் எப்ப எடுத்ததுண்ணா?” என்று கேட்டாள், என்னோடு வேலை பார்ப்பவள். டேட்டாபேஸ் டேபிளில் எத்தனை வரி என்று எண்ணாமல், ஏற்கெனவே குறித்து வைத்த தோராய எண்ணை ஸ்கிரிப்டில் எடுக்கச் சொல்லியிருந்தேன். “ரெண்டு மூணு சதவீதம் முன்னே பின்னே இருக்கும், பரவாயில்லை” என்றேன். சரி என்று மாற்றிவிட்டாள். அவள் கேட்டது எப்போது என்று. நான் சொன்ன பதில் எவ்வளவு என்பதற்கு. அது எனக்கு உறைக்க மூன்று வாரம் ஆனது.

அவளுடைய முதல் ஸ்கிரிப்ட் எல்லா வரிகளையும் பைத்தானுக்குள் இழுத்து, லிஸ்டின் நீளத்தைப் பார்த்தது. மெமரி நிரம்பிப் பாதியிலேயே நின்றது. கவுண்ட் ஸ்டார் போடச் சொன்னேன், அதாவது வரிகளை டேட்டாபேஸே எண்ணி எண்ணிக்கையை மட்டும் தரும் கட்டளை. அதில் இப்போதும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் துல்லியமான வரிக் கணக்கை எங்கும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு டிரான்ஸாக்‌ஷனுக்கும் தெரிகிற வரிகள் வேறுபடலாம் என்பதால், கேட்கும்போதெல்லாம் எண்ணித்தான் ஆகவேண்டும். ஒரு கோடி வரி, நான்கு நிமிடம். பொறுமையில்லாமல், பிஜி_கிளாஸ் என்ற உள் டேபிளில் போஸ்ட்கிரெஸ் குறித்து வைக்கும் தோராய வரி எண்ணிக்கையை, ரெல்டியூப்பிள்ஸ் மதிப்பை, எடுக்கச் சொன்னேன். கேட்ட மாத்திரத்தில் வந்தது.

தப்பான யோசனை இல்லை அது. டாஷ்போர்டில் காட்ட தாராளமாகப் போதும். ஆனால் அது டேபிளைச் சுத்தம் செய்யும் வேக்யூமோ, புள்ளிவிவரம் எடுக்கும் அனலைஸோ கடைசியாக ஓடியபோது எழுதிய எண். அமைப்பை மாற்றாமல் விட்டால், சுமார் 10 சதவீத வரிகள் மாறிய பிறகுதான் அனலைஸ் தானாக ஓடும். எங்கள் ஸ்கிரிப்ட் மிகப் பழைய 6 லட்சம் வரிகளை நீக்கிவிட்டு, முன்னும் பின்னும் எண்ணை ஒப்பிட்டது. இரண்டும் ஒன்று, கடைசி இலக்கம் வரை. எதுவும் நீங்கவில்லை என்று லாக்கில் எழுதிவிட்டு, மறுமுயற்சியாக மறுபடி நீக்கியது. இருக்கவேண்டிய 6 லட்சம் வரிகளும் போயின.

பேக்கப்பிலிருந்து மீட்டோம். மறுமுயற்சிப் பகுதியை எழுதியது நான் இல்லை என்று அன்று சொன்னேன். உண்மைதான். அதைப் படித்துச் சம்மதித்தது நான்தான், அதுவும் உண்மை. இன்னொன்றும் உறுத்துகிறது: டெலீட் முடிந்ததுமே எத்தனை வரி நீங்கியது என்று டேட்டாபேஸே சொல்லிவிடும், பைத்தானில் கட்டளையை ஓட்டும் கர்சரின் ரோகவுண்டில் அது இருந்தது. அங்கே எண்ணவே வேண்டியதில்லை. அவசரத்தில் எனக்குத் தோன்றவில்லை என்று சொல்லலாம். ஆனால் அப்படி என்ன அவசரம்? ராத்திரி ஓடுகிற ஸ்கிரிப்டுக்கு நான்கு நிமிடம் ஒரு பொருட்டா?

அப்புறம் நடந்த கூட்டத்தில் அவள் தன் கேள்வியைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் எல்லா ஸ்கிரிப்டிலும் கவுண்ட் ஸ்டார்தான் போடுகிறாள், டாஷ்போர்டுக்கு எழுதுவதில்கூட. ரிவ்யூவில் பார்க்கிறேன். இங்கே தேவையில்லை என்று எழுத கை வருவதில்லை.