கீழிருந்து மேலே

கார் இறக்குமதியில் விலை நிர்ணயிக்கும் பிரிவில் சேர்ந்த முதல் வாரம் எனக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்றுதான். ஒரே மாடல், ஒரே எஞ்சின், ஏறக்குறைய ஒரே வசதிகள். அந்தக் கார் எந்தெந்த நாட்டு ஷோரூமில் என்ன விலைக்கு நிற்கிறது என்று எக்செல் தாளில் நிரப்ப வேண்டும். எல்லா விலையையும் ஒரே நாணயத்துக்கு மாற்றி முடித்ததும் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். குறைந்த விலைக்கும் அதிக விலைக்கும் நடுவே மூன்று மடங்கு வித்தியாசம். ஒரே தொழிற்சாலையிலிருந்து அடுத்தடுத்து வெளியே வந்திருக்கக்கூடிய வண்டிகள் அவை.

எங்கேயோ தப்பு செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மேலாளர் வந்து பார்த்தார். "தப்பு இல்லை தம்பி. மேலிருந்து கீழே படிக்கிறீங்க, அதான் குழப்பம். கீழிருந்து மேலே படிங்க. ஷோரூம் விலையில ஆரம்பிச்சு ஒவ்வொன்னா உரிச்சுக்கிட்டே போங்க" என்றார். எங்கள் தாளில் மேலே தொழிற்சாலை விலை, கடைசியில் வாடிக்கையாளர் கொடுக்கும் தொகை, நடுவே பத்துப் பன்னிரண்டு கட்டங்கள். (வரி என்ற சொல் இங்கே அரசுக்குக் கட்டும் வரியை மட்டும் குறிக்கட்டும், தாளில் இருப்பவற்றைக் கட்டம் என்றே சொல்கிறேன்.)

அப்படி உரித்துப் பார்த்தபோது முதலில் புரிந்தது, வரிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதில்லை, ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கின்றன என்பது. இதைப் பாடமாகப் படித்துக் கற்கவில்லை, அடிபட்டுத்தான் கற்றேன். சுங்க வரி 100 சதவீதமும் விற்பனை வரி 25 சதவீதமும் இருந்த ஒரு நாட்டுக்குக் கணக்குப் போட்டேன். தொழிற்சாலை விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்த்து 5. நான் 100-க்குச் சுங்க வரி போட்டு 200, அதன் மேல் விற்பனை வரி போட்டு 250 ஆக்கி, கடைசியில் 5 சேர்த்து 255 என்று எழுதிவிட்டேன். ஆனால் பெரும்பாலான நாடுகள் கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்த்த மதிப்பின் மேல்தான் சுங்க வரி போடுகின்றன. அப்படியானால் 105 முதலில் 210 ஆகும், பிறகு 262.5 ஆகும். கடலைத் தாண்ட ஆன 5, வாடிக்கையாளரிடம் போகும்போது 12.5 ஆகிவிடுகிறது. அந்தத் தப்பான விலைக்கு டீலர் முன்பதிவும் வாங்கிவிட்டார். ஒவ்வொரு வண்டிக்கும் அந்த 7.5-ஐ நாங்களே ஏற்க வேண்டியிருந்தது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகள் கப்பல் கட்டணத்தைச் சுங்க மதிப்பில் சேர்ப்பதில்லை. அந்தத் தாள்களைப் பார்த்துப் பழகிய கையோடு இந்தத் தாளைப் போட்டதுதான் என் பிழை.

வரி எதற்காகப் போடப்படுகிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். இதைச் சொல்லாமல் வெறும் சதவீதத்தை ஒப்பிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இந்தியாவின் நோக்கம் உள்ளூர் தொழிற்சாலைகளைக் காப்பது. 40,000 டாலருக்கு மேற்பட்ட கார் முழு வண்டியாக வந்து இறங்கினால், அடிப்படைச் சுங்க வரியும் அதோடு வரும் கூடுதல் வரியும் சேர்ந்து 110 சதவீதம் என்பதே அங்கே பொதுவான நிலை. 2025 பட்ஜெட்டில் பெயர்களையும் பிரிவுகளையும் மாற்றினார்கள், கூட்டுத்தொகை அதேதான். அதற்கு மேல் ஜிஎஸ்டி. அதற்கும் மேல் மாநிலங்களின் சாலை வரி, அதுவும் பெரும்பாலும் ஜிஎஸ்டி சேர்ந்த விலையின் மீது. அதே காரை உதிரிபாகங்களாகப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே பூட்டினால் சுங்க வரி பல மடங்கு குறையும். வெளிநாட்டுச் சொகுசு நிறுவனங்கள் இந்தியாவில் பூட்டும் ஆலைகள் வைத்திருப்பது அதனால்தான். 2025 ஜூலையில் பிரிட்டனுடன் கையெழுத்தான ஒப்பந்தத்தில், குறிப்பிட்ட எண்ணிக்கை கார்களுக்கு வரியைப் படிப்படியாக 10 சதவீதத்துக்கு இறக்க ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் காப்பாற்றுவதற்குப் பெரிய கார் தொழில் கிடையாது, இடம்தான் பிரச்சினை. 1990-லிருந்து, கார் வாங்குவதற்கு முன் அதை வைத்திருக்கும் உரிமையை ஏலத்தில் வாங்க வேண்டும். அந்த உரிமைச் சான்றிதழ் பத்து ஆண்டுக்குத்தான் செல்லும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் 1,50,001 சிங்கப்பூர் வெள்ளிக்கு (அந்நாட்டு டாலருக்கு) போனது. காருக்கு அல்ல, அனுமதிக்கு மட்டும்! அந்த ஆண்டு பிப்ரவரியில் வந்த விகிதங்களின்படி 40,000 வெள்ளி மதிப்புள்ள காரை எடுத்துக்கொள்வோம். கலால் வரி 20 சதவீதம், 8,000. அதன் மேல் இப்போதைய 9 சதவீத ஜிஎஸ்டி, 4,320. கூடுதல் பதிவுக் கட்டணம், முதல் 20,000-க்கு 100 சதவீதம், அடுத்த 20,000-க்கு 140 சதவீதம், ஆக 48,000. சான்றிதழ் இல்லாமலே ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. சான்றிதழ் ஒரு லட்சம் என்றால் இரண்டு லட்சம். டீலர் இன்னும் தன் பங்கைத் தொடவே இல்லை.

இலங்கையின் கவலை டாலர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியையே நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு அந்தத் தடை 2025 பிப்ரவரியில்தான் விலகியது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய கார்களின் விலை ஏறியதைப் பார்த்தவர்களுக்கு, கதவை மூடுவதும் ஒருவகை வரிதான் என்பதை விளக்க வேண்டியதில்லை. திறந்த பிறகும் எஞ்சினின் சிசி-க்கு ஏற்ப ஏறும் கலால் வரி இருக்கிறது. சிறிய எஞ்சின் ஜப்பான் கார்களுக்கு அங்கே இவ்வளவு மவுசு இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

சில வரிகளுக்கு நோக்கம் செத்துப்போன பிறகும் உயிர் இருக்கும். ஆஸ்திரேலியாவின் கடைசி பெரிய கார் ஆலை 2017 அக்டோபரில் மூடப்பட்டது, ஆனால் 33 சதவீதச் சொகுசுக் கார் வரி அப்படியே தொடர்ந்தது. அமெரிக்காவில் இறக்குமதியாகும் பிக்கப் வண்டிகளுக்கு (பின்னால் சரக்குத் தட்டு உள்ளவை) 1964 முதல் 25 சதவீத வரி. ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரி போட்டதற்குக் கொடுத்த பதிலடி அது. கோழிச் சண்டையை எல்லோரும் மறந்தாயிற்று, வரி மட்டும் இருக்கிறது.

சரி, இதெல்லாம் வரி. வரியைத் தூக்கிவிட்டால் எல்லா நாட்டிலும் ஒரே விலை வந்துவிடும் என்றுதான் நானும் நம்பினேன். டென்மார்க்கின் தாளைப் பார்க்கும்வரை.

அப்போது அங்கே பதிவு வரி, ஒரு வரம்புக்கு மேற்பட்ட விலைக்கு 180 சதவீதம். 2015-ல்தான் அது 150 ஆனது. கடைசிக் கட்டத்தில் நம்ப முடியாத தொகை. அதிலிருந்து உரித்துக்கொண்டே மேலே போனேன். பதிவு வரி, விற்பனை வரி, டீலர் பங்கு. மேல் கட்டத்துக்கு வந்தபோது அதே காருக்குப் பக்கத்து நாடான ஜெர்மனியைவிடக் குறைந்த விலை இருந்தது. யாரோ தப்பாகத் தட்டியிருக்கிறார்கள் என்று மேலாளரிடம் ஓடினேன்.

"தெரிஞ்சுதான் அப்படி வெச்சிருக்கு" என்றார். கணக்கு இதுதான். 25 சதவீத விற்பனை வரி போட்ட பிறகு, அதன் மேல் 180 சதவீதப் பதிவு வரி. 1.25-ஐ 2.8-ஆல் பெருக்கினால் 3.5. அதாவது வரம்புக்கு மேலே, தொழிற்சாலை 100 குறைத்தால் ஷோரூமில் 350 குறையும். 100 ஏற்றினால் 350 ஏறும், வாங்க வந்தவர் எழுந்து போய்விடுவார். ஆகவே அங்கே விற்க வேண்டுமென்றால் தயாரிப்பாளர் இறங்கித்தான் ஆக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2011 வரை நாடுவாரியாகக் கார் விலைகளை ஒப்பிட்டு வெளியிட்டது. வரிக்கு முந்தைய விலை மிகக் குறைவான நாடுகளில் டென்மார்க் தொடர்ந்து இருந்தது.

எனக்கு அது பெரிய அதிர்ச்சி. தாளின் முதல் கட்டம், தொழிற்சாலை விலை, அசையாத பாறை என்று நினைத்திருந்தேன். அதுவும் அசையும். எஃகு, கூலி, பெயிண்ட் செலவெல்லாம் வண்டி எந்த நாட்டுக்குப் போனாலும் ஒன்றுதான். ஆனால் 'இந்த ஊர்க்காரர் எவ்வளவு வரை கொடுப்பார்' என்பதைப் பார்த்துத்தான் அந்த எண் எழுதப்படுகிறது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இறக்குமதிக் கார்களுக்குக் கூடுதலாக 25 சதவீதம் வரி போட்டபோதும் இதே காட்சிதான். அங்கே ஷோரூம் விலையை உடனே முழுதாக ஏற்றாமல், ஜப்பானிய நிறுவனங்கள் ஏற்றுமதி விலையைக் குறைத்து வரியில் ஒரு பகுதியைத் தாங்களே ஏற்றன.

அப்படியானால் விலை குறைந்த நாட்டுக்குப் போய் வாங்கிவந்தால் என்ன? ஐரோப்பாவில் மக்கள் அதைச் செய்தார்கள். 1990-களில் இத்தாலியின் அன்றைய நாணயமான லிரா மதிப்பிழந்தபோது ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் கார் வாங்க அங்கே போனார்கள். அவர்களுக்கு விற்கவிடாமல் இத்தாலிய டீலர்களைத் தடுத்ததற்காக ஃபோக்ஸ்வேகனுக்கு ஐரோப்பிய ஆணையம் 1998-ல் 10.2 கோடி எக்யு (யூரோவுக்கு முன்னோடியான கணக்கு நாணயம்) அபராதம் போட்டது. நீதிமன்றம் அதைப் பிறகு 9 கோடி யூரோவாகக் குறைத்தது. பிரிட்டன் ஒன்றியத்தில் இருந்த காலத்தில் அந்நாட்டுக்காரர்களுக்கு இது இன்னும் கடினமாக இருந்தது, ஸ்டீயரிங் வலப்பக்கம் வேண்டும். ஐரோப்பியக் கண்டத்து டீலர்கள் அதற்குத் தனிக் காசு கேட்டார்கள், மாதக்கணக்கில் காக்க வைத்தார்கள். ஒரு தீவின் ஸ்டீயரிங் விலைக்கு வேலியாக நின்றது. ஒன்றியத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்த வழியும் கிடையாது. தரச்சான்று, விளக்கு விதி, புகை விதி என்று ஒவ்வொன்றும் ஒரு வேலி. சின்னச் சந்தை என்றால் அந்தச் சான்றுகளின் செலவு சில நூறு வண்டிகளின் தலையில் விழும்.

பல ஆண்டுகள் கழித்து, அதிக வரி நாடு ஒன்றிலிருந்து ஒரு வாடிக்கையாளர் கடிதம் எழுதினார். மகளின் படிப்பு முடிந்த பிறகு, பல ஆண்டுச் சேமிப்பில் வாங்கிய முதல் புதுக் கார். அதே கார் இன்னொரு நாட்டில் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு விற்பதைப் பார்த்திருக்கிறார். என்னை ஏமாற்றிவிட்டீர்களா என்று நேராகக் கேட்டிருந்தார். இப்படிப்பட்ட கடிதங்களுக்கு எங்களிடம் 'வரிகள் அரசைச் சார்ந்தவை' என்று ஒரு அச்சடித்த பதில் உண்டு. அதை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவர் காசு கொடுத்த ஒவ்வொரு கட்டமும் அவருக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். கார் விற்கும் எல்லோரும் அந்தத் தாளை வாங்குபவர் கையில் கொடுக்க வேண்டும்.

அவருடைய தாளை எடுத்து எளிய சொற்களில் எழுதினேன். கப்பல், காப்பீடு, சுங்கம், கலால், பதிவு, டீலர், எதன் மேல் எது என்று. மேலாளர் படித்துப் பார்த்து, "அனுப்புங்க, ஆனா மேல இருக்கிற எண் வேண்டாம், அது வெளியே போகக்கூடாது" என்றார். அதைக் காலியாக விட்டு அனுப்பினேன்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. நன்றி சொல்லியிருந்தார், வரி இவ்வளவு என்று இப்போதுதான் தெரிகிறது என்று எழுதியிருந்தார். கீழே என் தாளின் நகலை இணைத்து, காலியாக இருந்த முதல் கட்டத்தைப் பேனாவால் வட்டமிட்டிருந்தார். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.