இரண்டு டிஸ்க், இரண்டு நேரம்

சென்னையில் ஒரு குபர்னெட்டிஸ் கிளஸ்டர் (கன்டெய்னர்களில் செயலிகளை ஓட்டும் சர்வர் கூட்டம்), மும்பையில் இன்னொன்று. இரண்டிலும், விஎம்களையும் (சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகள்) அதில் ஓடவைக்கும் குப்விர்ட். பழைய விஎம்களை ஒவ்வொன்றாக அதற்குள் ஏற்றிக்கொண்டிருந்த நாட்களில் ஸ்டோரேஜ் என் பொறுப்பு.

கன்டெய்னரில் ஓடும் பெரும்பாலான செயலிகள் செத்தால் வேறு நோடில் (கிளஸ்டரின் இன்னொரு சர்வரில்) புதிதாக எழுந்துவிடும். விஎம்முக்கு அது போதாது. அதுவும் பாட் (pod) எனும் கன்டெய்னர் உறைக்குள்தான் ஓடுகிறது என்றாலும் இயங்குதளம், செட்டிங், பல வருடத் தரவு எல்லாமே அதன் டிஸ்கில். அந்த டிஸ்க் போனால் விஎம்மும் போனது.

சென்னை விழுந்தால் மும்பையில் விஎம்மை எழுப்ப வேண்டும்; அதற்காக, டிஸ்கில் எழுதும் ஒவ்வொன்றையும் இரண்டு ஊரிலும் பதிந்த பிறகே அடுத்ததற்குப் போகலாம் என்று முதலில் ஆசைப்பட்டோம். ஒளியிழையில் ஒளி ஒரு மில்லி விநாடியில் சுமார் 200 கி.மீ. போகும். சென்னைக்கும் மும்பைக்கும் நேர்க்கோட்டிலேயே ஆயிரம் கி.மீ.க்கு மேல். போய்த் திரும்பவே 10 மில்லி விநாடி. ஒவ்வொரு கமிட்டும் (பதிவை உறுதிசெய்வது) அவ்வளவு காத்திருந்தால் எங்கள் டேட்டாபேஸ் தாங்காது. அதனால் ஸ்டோரேஜ் மென்பொருளான செஃப்பின் ஆர்பிடி மிரரிங்கில் (டிஸ்கை இன்னொரு கிளஸ்டருக்குப் பிரதியெடுக்கும் வசதி), 2020இல் ஆக்டோபஸ் வெளியீட்டோடு வந்த ஸ்னாப்ஷாட் முறையை எடுத்தோம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது அந்தக் கணத்தில் டிஸ்க் இருந்த நிலை. முந்தையதிலிருந்து மாறிய பகுதி மட்டும் மும்பைக்குப் போகும்.

கணக்குப் பிரிவு விஎம்மைக் குளோன் எடுத்து, அதில் ஓயாமல் எழுதும் ஸ்கிரிப்டை ஓடவிட்டு, ஒரு சனிக்கிழமை இரவு ஒத்திகை பார்த்தோம். இடையிலிருந்த இணைப்பைத் துண்டித்துவிட்டு, மும்பையில் ஃபோர்ஸ் ப்ரொமோட் செய்தோம், அதாவது அங்கிருந்த பிரதியைக் கட்டாயமாக முதன்மையாக்கினோம். விஎம் எழுந்தது. அதிலிருந்த டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் எழவில்லை. சரியான செக்பாயிண்ட் பதிவு (எதுவரை தரவு டிஸ்கில் சேர்ந்தது என்ற குறி) கிடைக்கவில்லை என்று நின்றுவிட்டது.

"அண்ணா, ரெண்டு டிஸ்க்கும் பச்சையாத்தானே இருந்துச்சு" என்றான் கூட இருந்த தம்பி. உண்மைதான். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நன்றாகவே இருந்தன. டேட்டாபேஸின் தரவு ஒரு டிஸ்கில், அதன் வால் (WAL) லாக், அதாவது மாற்றங்களை முதலில் எழுதிவைக்கும் பதிவேடு, இன்னொன்றில். லாக் டிஸ்கில் மாற்றம் அதிகம். இணைப்பு அறுந்தபோது அதன் கடைசி ஸ்னாப்ஷாட் பாதி வழியில் இருந்தது. ப்ரொமோட் செய்ததும் அது அதற்கு முந்தைய முழு ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிவிட்டது. தரவு டிஸ்க் 10:20இல், லாக் 10:15இல். தரவு காட்டிய செக்பாயிண்ட் லாக்கில் எழுதப்படவே இல்லை. அசல் விபத்தாக இருந்திருந்தால் என்று நினைத்து அன்று தூங்கவில்லை.

மும்பைப் பிரதியை டிமோட் செய்து (முதன்மை நிலையிலிருந்து இறக்கி), சென்னையிலிருந்து ரீசிங்க் கொடுத்து (மறுபடி பிரதியெடுத்து) முதலிலிருந்து ஆரம்பித்தோம். தரவையும் லாக்கையும் ஒரே டிஸ்கில் சேர்த்தோம். இரண்டும் ஒரே கணத்தில் உறைந்தால், டேட்டாபேஸுக்கு அது கரண்ட் போய் வந்த மாதிரிதான். லாக்கைப் படித்துத் தானே மீண்டுகொள்ளும். அப்புறம், டிஸ்கோடு சேர்ந்து போகாத விஎம் வரையறை, அதன் நெட்வொர்க் அடையாளமான மேக் முகவரி, சீக்ரெட் (கடவுச்சொல் போன்றவை) எல்லாவற்றையும் மும்பையில் முன்கூட்டியே வைத்தோம்.

அடுத்த ஒத்திகையில் போஸ்ட்கிரெஸ் எழுந்தது. கடைசி நான்கு நிமிடப் பதிவுகள் மட்டும் இல்லை. அதைக் கணக்குப் பிரிவு மேடத்திடம் காட்டினேன். "கவுண்டர்ல பில் காப்பி இருக்கும், பார்த்து அடிச்சுக்குவோம். எத்தனை மணியில இருந்துன்னு மட்டும் சரியா சொல்லணும் தம்பி" என்றார். இப்போது ப்ரொமோட் செய்யும் ஸ்கிரிப்டின் முதல் வரி அந்த நேரத்தை அச்சிடுகிறது.