ஓர் இடைவெளியும் அழிந்துபோன ஒரு கோப்பும்

பழைய கோப்புகளை அழிப்பதற்காக நான் முன்பு எழுதிய பைத்தான் நிரல் ஒன்று, 'ஆர்எம்' என்ற கட்டளையின் பின்னால் கோப்பின் பெயரை ஒட்டி, அந்த எழுத்துச் சரத்தை அப்படியே, கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல்லிடம் கொடுத்துக்கொண்டிருந்தது. 'பழைய வரைவு' என்ற கோப்பு வந்த நாளில், ஷெல் இடைவெளியைக் கண்ட இடத்தில் பெயரை இரண்டாக வெட்டிவிட்டது. 'பழைய' என்று ஒரு கோப்பு இல்லை எனப் பிழைச்செய்தி வந்தது. ஆனால் அதே கோப்புறையில் நான் பத்திரமாக வைத்திருந்த 'வரைவு' அழிந்துபோனது.

பெயரில் இடைவெளி வைத்தவர்மீது இதில் குற்றமில்லை. லினக்ஸில் சாய்கோடும் பூஜ்ய பைட்டும் தவிர எதுவும் கோப்புப் பெயருக்குள் வரலாம்; அரைப்புள்ளி, டாலர் குறி, புதுவரிகூட வரலாம். அரைப்புள்ளியைக் கண்டால் ஷெல் அடுத்த கட்டளை தொடங்கிவிட்டதாகக் கொள்ளும். ஆகவே வெளியிலிருந்து வரும் பெயரைச் சரத்தில் ஒட்டும் நிரல், அந்தப் பெயரைக் கொடுத்தவர் நம் கணினியில் விரும்பிய கட்டளையை இயக்கவும் வழிவிடுகிறது.

இத்தனைக்கும் லினக்ஸ் போன்ற யூனிக்ஸ் வகை இயங்குதளங்களின் மையமான கர்னல் ஒற்றைச் சரத்தைக் கேட்பதே இல்லை. நிரலை இயக்கும் அதன் எக்ஸெக்விஈ அழைப்பு, அந்த நிரலுக்குத் தரும் ஆர்கியுமென்ட்களை (கோப்புப் பெயர் போன்ற உள்ளீடுகளை)த் தனித்தனியாக, ஒரு வரிசையாகவே பெறுகிறது. பிற நிரல்களை இயக்கும் பைத்தானின் சப்பிராசஸ் தொகுதிக்கும் ஷெல்லை இடையில் நுழைக்காமல் ஒரு பட்டியலைக் கொடுத்தால், பெயருக்குள் என்ன இருந்தாலும் அது ஒரே ஆர்கியுமென்டாகப் போய்ச்சேரும். நாமாக மேற்கோள்குறி சேர்த்துச் சமாளிப்பதை நான் ஏற்பதில்லை. பெயருக்குள்ளேயே ஒரு மேற்கோள்குறி இருந்தால் அந்த வேலி உடைந்துவிடும். ஷெல் இல்லாமல் முடியாத இடத்தில், பெயரைச் சரியாக மேற்கோளிட்டுத் தரும் பைத்தானின் 'ஷ்லெக்ஸ் கோட்' இருக்கிறது.

பட்டியலாகக் கொடுத்தாலும் தீராத சிக்கல், சிறுகோட்டில் தொடங்கும் பெயர். நிரல்களின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் மென்பொருளில் 2017-இல் வெளிப்பட்ட குறை இதுதான்: முகவரியில் சிறுகோட்டில் தொடங்கிய ஹோஸ்ட் (கணினி) பெயரை, தொலைக் கணினியுடன் இணைக்கும் எஸ்எஸ்எச் நிரல் ஓர் ஆப்ஷனாக, அதாவது தன் நடத்தையை மாற்றும் குறிப்பாக, எடுத்துக்கொண்டதால், அதன் வழியே கட்டளையை இயக்க முடிந்தது. பெரும்பாலான யூனிக்ஸ் கட்டளைகளில், பெயருக்கு முன் இரட்டைச் சிறுகோட்டைத் தனி உறுப்பாக வைத்தால் ஆப்ஷன்கள் அத்துடன் முடிந்துவிடும்.

விண்டோஸில் நிலைமை வேறு. அங்கே நிரலைத் தொடங்கும் கிரியேட்பிராசஸ் அழைப்பு ஒற்றைச் சரத்தையே பெறுகிறது. அதைப் பிரிப்பது அந்தந்த நிரலின் பொறுப்பு. கட்டளைகளை வரிசையாக எழுதிவைக்கும் பேட் கோப்புகளுக்கான ஆர்கியுமென்ட்களை, விண்டோஸின் ஷெல்லான சிஎம்டி தன் சொந்த விதிப்படி பிரிப்பதால், ஆர்கியுமென்ட்களைத் தனித்தனியாகப் பெறும் ரஸ்ட் நிரல்மொழியின் நூலகத்திலும் ஓட்டை இருந்தது. 2024 ஏப்ரலில் வந்த 1.77.2 பதிப்பில்தான் அதை அடைத்தார்கள்.

என் நிரலைத் திருத்த உட்கார்ந்தபோது, முதலில் 'ஆர்எம்', இரட்டைச் சிறுகோடு, பெயர் என்று மூன்று உறுப்புள்ள பட்டியலாக எழுதினேன். பிறகு அதையும் நீக்கிவிட்டு, பைத்தானிலேயே உள்ள 'ஓஎஸ் ரிமூவ்' செயற்கூற்றை அந்த இடத்தில் வைத்தேன்.