ஒரே ரத்தத்துக்கு 17, 22, 23

அம்மாவுக்கு நெடுநாள் சர்க்கரை, ஈரலில் கொழுப்பு. அதுவே ஈரல் தழும்பேறி இறுகிப்போகும் சிரோசிஸ் ஆகிவிட்டது. வயிற்றில் கோர்த்த நீரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடுக்க வேண்டி வந்தபோது, ஈரல் மாற்று அறுவை பற்றிக் கேட்க உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குக் கூட்டி வந்தேன்.

முதலில் பார்த்த இடத்தில் ரிப்போர்ட்டில் ‘மெல்டு 17’ (ஈரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் எண்; கூடினால் ஆபத்து கூடுதல்) என்று எழுதி, "இப்ப அவசரமில்ல" என்றார்கள். நிம்மதியாக வீடு திரும்பினோம். அந்த நிம்மதியில் ஒரு மாதம் வீணாய்ப் போனது. இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

இரண்டாவது டாக்டர் அதே ரத்தப் பரிசோதனைத் தாளை வைத்து எங்கள் முன்னாலேயே கணக்குப் போட்டார். மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபின் 3.2, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர் 1.7, கிட்னியைக் காட்டும் கிரியாட்டினின் 0.8. பழைய மெல்டு இந்த மூன்றை மட்டும் பார்க்கும், 17. சோடியம் 131 என்று சேர்த்ததும் 22. ஈரல் செய்யும் புரதமான அல்புமின் 2.4, பெண் என்பதையும் சேர்க்கும் மெல்டு 3.0-ல் 23.

"அம்மா கையப் பாருங்க, சதையே இல்ல. சதை கரைஞ்சவங்களுக்குக் கிட்னி கெட்டாலும் கிரியாட்டினின் கம்மியாத்தான் காட்டும். பொம்பளைங்களுக்கு இது ரொம்ப நடக்கும். அதைச் சரிக்கட்டத்தான் இந்தப் புதுக் கணக்கு" என்றார். அமெரிக்காவில் 2002-லிருந்து மெல்டு வைத்துத்தான் ஈரலுக்கான வரிசை. 2016-ல் சோடியம் சேர்த்தார்கள், 2023-ல் 3.0 வந்தது.

எண் 6 முதல் 40 வரை. அடுத்த மூன்று மாதத்தைப் பற்றித்தான் பேசும். 20-லிருந்து 29 வரை உள்ளவர்களில், பழைய கணக்குப்படி, நூற்றுக்கு இருபது பேர் போல அதற்குள் இறந்துவிடுகிறார்கள். "உங்கம்மா எந்தப் பக்கம்னு இது சொல்லாது. அடுத்தடுத்து ஏறுதா இறங்குதான்னு பாருங்க." அன்றே ஒரு நோட்டு வாங்கினேன். ஐந்து பரிசோதனையும் ஒரே நாள் ரத்தத்தில், முடிந்தவரை ஒரே லேபில்.

மெல்டு கணக்கில் வராத ஒன்று, ஈரல் கெட்டால் வரும் மூளை மந்தம். அம்மா கண்ணை மூடிக்கொண்டே மல்லிகை கட்டுவார். ஒரு நாள் இரண்டு பூவை எதிரெதிரே வைத்து நாரைச் சுற்றியவர், முடிச்சு போடத் தெரியாமல் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னத்தா, இது எப்படி?" என்று என்னிடம் கேட்டார். அன்றைக்கு மூன்று நாளாக மலம் போகவில்லை. மலம் இளக்கும் லாக்டுலோஸ் மருந்தின் அளவை டாக்டர் சொல்லிக் கூட்டியதும் மறுநாள் தெளிந்தது. அதிலிருந்து தினமும் காலையில் ஒரு கைப்பிடிப் பூ கொடுப்பேன். தடுமாறினால் அதையும் நோட்டில் எழுதி டாக்டருக்குப் போன் செய்வேன்.

தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்கத் தம்பி முன்வந்தான். ரத்த வகை சேர்ந்தது, ஆனால் ஸ்கேனில் அவன் ஈரலிலும் கொழுப்பு. 84 கிலோ. விடிவதற்கு முன் வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தான். பரோட்டாவை அடியோடு விட்டான். மகன் என்பதற்கான சான்றுகள், முதலமைச்சர் காப்பீடு எல்லாம் அலைச்சல்தான், ஆனால் முடிந்தது. தம்பி ஈரல் தேறாமல் போனால் என்ன செய்வது என்று, மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்கான மாநில ஆணையப் பட்டியலிலும் பதிந்து வைத்தோம்.

அவன் 79-க்கு வந்த வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல். வயிற்று நீரில் கிருமி. கிரியாட்டினின் 1.6, மெல்டு எண் 32. நோட்டில் அதை எழுதும்போது கை நடுங்கியது. ஆன்டிபயாட்டிக்கும் அல்புமினும் ஏற்றி, நீர் பிரியும் மாத்திரையை நிறுத்தினார்கள். பத்து நாளில் 25. வயிற்று வலியோ காய்ச்சலோ வந்தால் ஒரு இரவுகூடப் பொறுக்காதீர்கள். நாங்கள் அன்று மாலையே கிளம்பியதால்தான் அம்மா தப்பித்தார்.

தம்பி இப்போது 76 கிலோ. போன வார ஸ்கேனில் கொழுப்பு போதுமான அளவு குறைந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமை இரண்டு பேருக்கும் அட்மிஷன். நோட்டைப் பையில் வைத்துவிட்டேன்.